அனுமதி கேட்கும் அறிவித்தல்கள் குவிகின்றன, மனேஜர்மார் மியூட் பண்ணிவிடுகிறார்கள்: எங்கிருந்து சரிசெய்வது?

வெள்ளவத்தை_டெவ்

வணக்கம். கம்பனிக்குள்ளேயே எழுதிப் பராமரிக்கும் மென்பொருள் பற்றிய கேள்வி. கொள்வனவுக் கோரிக்கை, லீவு, களஞ்சிய இருப்பு மூன்றும் அதில்தான் ஓடுகின்றன. தலைமை அலுவலகம் கொழும்பு யூனியன் பிளேஸில், களஞ்சியம் பேலியகொடையில், லண்டனில் ஒரு சிறிய கிளை. பாவனையாளர்கள் 400 பேர் அளவில். பின்னால் ஜாவா, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அறிவித்தல் நான்கு வழியாகப் போகிறது: மின்னஞ்சல், எஃப்சிஎம் (போனுக்கு அறிவித்தல் அனுப்பும் கூகுள் சேவை) வழியாக மொபைல் ஆப், எஸ்எம்எஸ், ஆப்புக்குள் இருக்கும் மணி அடையாளம்.

ஒரு கொள்வனவுக் கோரிக்கையைத் திறந்து, விலைமனுவை இணைத்து, தொகையைத் திருத்தி, குறிப்பு எழுதினால் அந்த நான்குக்கும் தனித்தனி அறிவித்தல். அதுவும் அனுமதி கொடுக்கக்கூடிய மூன்று பேருக்கும், நான்கு வழியிலும். ஒருவர் அனுமதி கொடுத்த பிறகும் மற்ற இருவரின் போனிலும் "உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று அப்படியே கிடக்கிறது. திறந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும். இதனால் பலர் ஆப்பை மியூட் பண்ணிவிட்டார்கள். உண்மையிலேயே அவசரமானதும் இப்போது போய்ச் சேர்வதில்லை.

இன்னும் இரண்டு சிக்கல். தமிழிலும் சிங்களத்திலும் எஸ்எம்எஸ் அனுப்பத் தொடங்கிய பிறகு பில் பெரிதாக ஏறிவிட்டது. சில அன்ட்ராய்ட் போன்களுக்குக் காலையில் போனது பின்னேரம்தான் கிடைக்கிறது. நிர்வாகம் சொல்வது, அனுமதி கிடைக்கும்வரை மணிக்கொரு தடவை திரும்ப அனுப்பு என்று. அது நிலைமையை இன்னும் கெடுக்கும் என்று நினைக்கிறேன். எங்கே கைவைத்தால் கூடிய பலன் கிடைக்கும்?

---

பின்னணிச்சேவை

மணிக்கொரு தடவை என்பதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். எஸ்எம்எஸ், மின்னஞ்சல், போன் என்று வழிகளைத் திருத்தப் போவதற்கு முன்னால் சேர்வர் பக்கத்தில் ஒரு பிரிப்பைச் செய்ய வேண்டும். "நிகழ்வு" வேறு, "அறிவித்தல்" வேறு. உங்கள் கோடில் சேமிக்கும் இடத்திலேயே அனுப்பும் கட்டளையும் நிற்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியிருந்தால் எதையும் சேர்க்கவோ நிறுத்தவோ முடியாது.

நிகழ்வை ஒரு அவுட்பொக்ஸ் அட்டவணையில் (அனுப்பவேண்டியவை காத்திருக்கும் இடம்) எழுதுங்கள். கோரிக்கையைச் சேமிக்கும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தள வேலை) எழுத வேண்டும், இல்லையென்றால் ரோல்பேக் ஆன, அதாவது ரத்தாகிப்போன, கோரிக்கைக்கும் அறிவித்தல் போகும். பின்னணியில் ஓடும் தனி நிரல், அதாவது வேர்க்கர் ஒன்று, அந்த அட்டவணையை வாசிக்கட்டும். இரண்டு மூன்று வேர்க்கர் ஓடினாலும் ஒரே வரிசையை இருவர் எடுக்காமலிருக்க, போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் உள்ள "ஸ்கிப் லொக்ட்" போதும். 400 பேருக்குத் தனி மெசேஜ் கியூ மென்பொருள் தேவையில்லை.

அடுத்தது சேர்ப்பது. ஒரே கோரிக்கை, ஒரே பெறுநர் என்றால் நிகழ்வுகளை ஒன்றாக்குங்கள். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. "கடைசித் திருத்தத்திலிருந்து 2 நிமிடம் பொறு" என்று மட்டும் வைத்தால், ஒருவர் விட்டுவிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும்வரை எதுவுமே போகாது. உச்ச வரம்பும் வேண்டும்: 2 நிமிடம் அமைதியாக இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டாலும் முதல் நிகழ்விலிருந்து 10 நிமிடத்தில் அனுப்பு. நீங்கள் சொன்ன நான்கும் ஒன்றாகிவிடும்.

பிறகு, என்னைக் கேட்டால் மிகக் கூடிய பலன் தருவது, அனுப்பும் கணத்தில் வேர்க்கர் திரும்பக் கேட்க வேண்டிய கேள்விகள். கோரிக்கை ஏற்கனவே முடிந்துவிட்டதா? இந்த ஆள் இப்போது அனுமதி கொடுப்பவர் இல்லையா, லீவில் போய்ப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாரா? நிகழ்வைச் செய்தவரே பெறுநரா? ஆப்பில் ஏற்கனவே திறந்து பார்த்துவிட்டாரா? இதில் ஒன்று பொருந்தினாலும் வரிசையை "தேவையற்றது" என்று குறித்து விட்டுவிடுங்கள். அழிக்க வேண்டாம். அந்த எண்ணிக்கை பிறகு உதவும்.

வழிகளுக்கு இடையிலும் இடைவெளி கொடுங்கள். மணியும் போனும் உடனே, மின்னஞ்சல் 15 நிமிடம் கழித்து, அதற்குள் திறந்திருந்தால் மின்னஞ்சலே போகக்கூடாது. எஸ்எம்எஸ் கடைசி வழி.

இரட்டிப்பு வராமலிருக்க, கோரிக்கை எண், பெறுநர், வகை, பதிப்பு எண் நான்கையும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள், அதே சேர்க்கை இரண்டாம் தடவை பதிவாகாது. எஸ்எம்எஸ் கேட்வே (செய்தியை வாங்கி அனுப்பித்தரும் சேவை) செய்தியை ஏற்றுக்கொண்ட பிறகு பதில் வராமல் டைம்அவுட் ஆவது சாதாரணம். நீங்கள் திரும்ப அனுப்பினால் ஆளுக்கு இரண்டு கிடைக்கும். கேட்வே உங்கள் சொந்தக் குறிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுமானால் ஒவ்வொரு முயற்சியிலும் அதே எண்ணைக் கொடுங்கள். 429 (அளவுக்கு மீறிய அழைப்பு), 5xx (சேர்வர் கோளாறு) பிழைகளுக்கு மட்டும் 1, 2, 4, 8 நிமிட இடைவெளியில், கொஞ்சம் எழுமாறான வித்தியாசத்தோடு முயலுங்கள். 400 வந்தால் திரும்ப முயல்வதில் பயனில்லை, செய்தியே பிழை.

---

திரைமுகப்பு_அக்கா

போன் பக்கத்தை நான் சொல்கிறேன். முடிந்துபோன அனுமதி திரையில் கிடப்பதுதான் ஆட்களின் நம்பிக்கையை உடைக்கிறது. அதைத் திரும்பப் பெறலாம், தம்பி.

அன்ட்ராய்டில் ஒவ்வொரு அறிவித்தலுக்கும் கோரிக்கை எண்ணையே "டேக்" ஆகக் கொடுங்கள். அதே டேக்கோடு புதியது வந்தால் பழையது மாற்றப்படும், பக்கத்தில் இன்னொன்றாகச் சேராது. யாராவது அனுமதி கொடுத்ததும் மற்ற இருவருக்கும் டேட்டா மெசேஜ் (திரையில் தெரியாமல் ஆப்புக்கு மட்டும் போகும் செய்தி) ஒன்றை அனுப்புங்கள், ஆப் அதை வாங்கி அந்த டேக்கை ரத்துச் செய்யும். இதை நோர்மல் முன்னுரிமையில் அனுப்ப வேண்டும். ஹை முன்னுரிமையில் வருவது திரையில் எதையும் காட்டாமல் போவது பழக்கமானால், எஃப்சிஎம் உங்கள் ஆப்பின் ஹை செய்திகளையே கீழிறக்கிவிடும். ஐபோனில் பின்னணிச் செய்தி கட்டாயம் வந்துசேரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே அங்கே முதல் அறிவித்தலுக்குக் கொடுத்த அதே கொலாப்ஸ் ஐடியோடு (ஒரே ஐடியில் வருவது பழையதை மாற்றும்) "கோரிக்கை 4417: அனுமதிக்கப்பட்டுவிட்டது" என்று சத்தமில்லாமல் மாற்றி எழுதுவது பாதுகாப்பு. அந்த ஐடி 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் எஃப்சிஎம்மின் "கொலாப்ஸ் கீ"யாகக் கோரிக்கை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் 4 வெவ்வேறு கீ மட்டும்தான் வைத்திருக்கும். அதற்கு மேலே போனால் எந்த நான்கு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. போன் ஓஃப் ஆகியிருந்த மனேஜருக்குப் பத்துக் கோரிக்கையில் நான்குதான் கிடைக்கும். திரையில் மாற்றுவதற்கு டேக், வழியில் தேங்கிக்கிடப்பதைக் குறைப்பதற்குக் கொலாப்ஸ் கீ. இரண்டையும் குழப்பக்கூடாது.

செய்தியின் ஆயுட்காலமும் (டிடிஎல்) குறியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் எஃப்சிஎம் 4 வாரம்வரை வைத்திருந்து கொடுக்கும். நீண்ட லீவு முடிந்து போனை ஒன் பண்ணுபவருக்குக் காலாவதியானதெல்லாம் கொட்டும். அனுமதிக்கு, முடிவுநேரம்வரை உள்ள வினாடிகளையே டிடிஎல் ஆகக் கொடுங்கள். 100 செய்திக்கு மேல் தேங்கினால் எஃப்சிஎம் அவ்வளவையும் எறிந்துவிட்டு, எறிந்ததாக ஆப்புக்குச் சொல்லும். அந்த இடத்தில் ஆப் சேர்வரிடம் போய் நிலுவைப் பட்டியலை முழுதாக எடுக்க வேண்டும்.

பின்னேரம் வந்து சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் டோஸ் எனும் அன்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு முறை. திரை அணைந்து அசையாமல் கிடக்கும் போனில் நோர்மல் செய்திகள் பிடித்துவைக்கப்பட்டு, இடைக்கிடை திறக்கும் பராமரிப்பு நேரத்தில்தான் உள்ளே விடப்படும். அனுமதி கேட்பதை மட்டும் ஹைக்கு மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்களின் போன்களில் ஆப்பைத் தள்ளி மூடினாலே கட்டாய நிறுத்தம் போல ஆகிவிடும். திரும்பத் திறக்கும்வரை எதுவும் வராது. பேட்டரி அமைப்பில் விதிவிலக்குக் கொடுத்தால்தான் தீரும். 2019க்குப் பின் வந்த புதிய ஹுவாவி மொடல்களில் கூகுள் சேவையே இல்லை, எஃப்சிஎம் அங்கே வேலை செய்யாது. யாரிடம் அந்த வகைப் போன் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். நான்கைந்து பேர் என்றால் அவர்களுக்கு எஸ்எம்எஸ் போதும். கூட இருந்தால் ஹுவாவியின் சொந்தப் புஷ் சேவையை இணைக்க வேண்டும்.

மியூட் விஷயம். அன்ட்ராய்ட் 8 முதல் அறிவித்தல் சனல்கள் உண்டு, அதாவது தனித்தனியே மியூட் பண்ணக்கூடிய வகைகள். உங்கள் ஆப்பில் ஒரே சனல்தான் இருக்கும் போல, அதனால்தான் மியூட் பண்ணியதும் எல்லாமே போயிற்று. மூன்றாகப் பிரியுங்கள்: "என் அனுமதி தேவை", "என் கோரிக்கையின் நிலை", "பொதுத் தகவல்". முதலாவது மட்டும் சத்தத்தோடு. கடைசி வகை போனுக்கே போக வேண்டாம் என்பது என் கருத்து, மணியில் நின்றால் போதும்.

பேலியகொடையில் ஒரே போனை இரண்டு ஷிப்ட்காரர் பாவிக்கிறார்கள் என்றால் லொக்அவுட் ஆகும்போது டோக்கனுக்கும் (அந்தப் போனில் உள்ள ஆப்பின் எஃப்சிஎம் முகவரி) ஆளுக்கும் உள்ள தொடர்பைச் சேர்வரில் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் முன்னவரின் லீவுச் செய்தி பின்னவருக்குத் தெரியும். எஃப்சிஎம் "பதிவில் இல்லை" என்று 404 திருப்பினால் டோக்கனை உடனே அழியுங்கள். பூட்டிய திரையில் "மருத்துவ லீவு", சம்பளத் தொகை போன்றவை தெரியக்கூடாது. அன்ட்ராய்டில் பொதுப் பதிப்பு ஒன்றைத் தனியாகக் கொடுக்கலாம்: "புதிய லீவு விண்ணப்பம்", அவ்வளவு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகையில் அடங்கும். இதை அலட்சியமாக விடாதீர்கள்.

---

மும்மொழி

எஸ்எம்எஸ் பில் ஏறியதற்குக் கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள செய்தி ஜிஎஸ்எம் 7 பிட் முறையில் 160 எழுத்துவரை ஒரு பகுதி, நீண்டால் பகுதிக்கு 153. தமிழோ சிங்களமோ ஒரு எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் யூசிஎஸ்-2 எனும் குறியீட்டு முறைக்கு மாறும்: ஒரு பகுதிக்கு 70, நீண்டால் பகுதிக்கு 67. காசு பகுதிக்குப் பகுதி.

எண்ணும்போது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணக்கூடாது. "கொள்வனவு" என்பதில் நாம் பார்ப்பது 5 எழுத்து. கணினிக்கு 8 அலகு: க, ொ, ள, புள்ளி, வ, ன, வ, உகரக் குறி. அதிலும் ொ என்பதைச் சில கீபோர்டுகள் ெ, ா என இரண்டாக உடைத்துச் சேமிக்கும், அப்போது 9. அனுப்புமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி (உடைந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்குச் சீராக்குங்கள்.

அலுவலகங்களில் எழுதும் பாணியில் ஒரு வார்ப்புரு:

"அன்பார்ந்த முகாமையாளர் அவர்களே, பேலியகொடை களஞ்சியத்திலிருந்து சமர்ப்பிக்கப்பட்ட கொள்வனவுக் கோரிக்கை இலக்கம் 4417 தங்களது அனுமதிக்காகக் காத்திருக்கின்றது."

இது 153 அலகு. 67 இரண்டு தடவை 134தான், ஆக 3 பகுதி. தொகையும் இல்லை, எப்போதைக்குள் என்பதும் இல்லை. இதைப் பாருங்கள்:

"கோரிக்கை 4417, ரூ. 185,000. இன்று 4 மணிக்குள் அனுமதி தேவை."

58 அலகு, ஒரே பகுதி. முடிவெடுக்கத் தேவையான மூன்று விடயமும் இருக்கிறது.

ஆங்கில வார்ப்புருக்களையும் சோதியுங்கள். வேர்டில் எழுதி ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியோ நீண்ட கோடோ ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஒன்றே போதும், 160 என்று நினைத்தது 70 ஆகிவிடும். வார்ப்புருவைச் சேமிக்கும் திரையிலேயே பகுதி எண்ணிக்கையைக் காட்டும் கணிப்பான் ஒன்று வைத்தால் இது திரும்ப நடக்காது. மிக நீளமான பெயர், மிகப் பெரிய தொகையைப் போட்டுத்தான் கணிக்க வேண்டும்.

பூட்டிய திரையில் ஒன்றரை வரிதான் தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் வினை கடைசியில் வருவதால், முழு வாக்கியமாக எழுதினால் "அனுமதி தேவை"யா "நிராகரிக்கப்பட்டது"ஆ என்பதுதான் வெட்டுப்படும். போன் அறிவித்தலில் தலைப்பு எப்போதும் நிலையாக இருக்கட்டும்: "அனுமதி தேவை", "நிராகரிக்கப்பட்டது", "திருத்தம் கேட்கிறார்". விபரம் இரண்டாம் வரியில்.

வார்ப்புருவில் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டவேண்டாம். பெயர் இடத்துக்குப் பக்கத்தில் "இன்" என்று எழுதிவைத்தால் "குமார்இன்" என்று வரும். பெயர் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருந்தால் இன்னும் மோசம். "அனுப்பியவர்: குமார்" என்று பெயர் தனியாக நிற்கும்படி எழுதுங்கள். ஒருமை பன்மைக்கு ஆங்கில விதியை அப்படியே எடுக்கவும் முடியாது. மென்பொருள் நூலகங்கள் பின்பற்றும் விதிப்படி தமிழில் 1 மட்டும் ஒருமை, சிங்களத்தில் 0ம் 1ம் ஒரே வகை. அந்த விதிகளை, பல மொழிகளின் விதிகளையும் கொண்ட ஐசியூ நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.

மொழியை ஆளின் தெரிவிலிருந்து எடுங்கள். போனின் மொழி அமைப்பை வைத்துத் தீர்மானிப்பது பிழை. கொழும்பில் போன் ஆங்கிலத்தில் இருக்கும், ஆள் தமிழிலோ சிங்களத்திலோ வாசிக்க விரும்புவார்.

---

வெள்ளவத்தை_டெவ்

எல்லோருக்கும் நன்றி. ஒரே சனல்தான், அக்கா சொன்னது சரி. கட்டணத்தில் 3 பகுதிக்கான காரணமும் இப்போது விளங்குகிறது.

இரண்டு கேள்வி. எல்லாவற்றையும் காலை 9 மணிக்கு ஒரே தொகுப்பு மின்னஞ்சலாக அனுப்பினால் என்ன? மின்னஞ்சலுக்குள்ளேயே "அனுமதி" பட்டன் வைத்து, ஒரு கிளிக்கில் முடிக்கலாமா? மனேஜர்மார் அதைத்தான் கேட்கிறார்கள்.

---

காலக்கெடு

பட்டனைப் பற்றி முதலில், ஏனென்றால் அது ஆபத்து. பல நிறுவனங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு வடிகட்டிகள் மனிதர் திறக்குமுன் உள்ளே இருக்கும் இணைப்புகளைத் தாங்களே திறந்து சோதிக்கும். உங்கள் இணைப்பு வெறும் ஜிஇடி அழைப்பிலேயே (இணைப்பைத் திறந்தாலே போகும் அழைப்பு) அனுமதியைப் பதிவுசெய்தால், யாரும் தொடாமலே ரூ. 185,000க்கு அனுமதி விழுந்துவிடும். "நிராகரி" இணைப்பும் பக்கத்தில் இருந்தால் இரண்டும் விழும். பதிவில் அதைச் செய்தவராக மனேஜரின் பெயர்தான் நிற்கும். இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அங்கே தொகையும் விநியோகத்தரும் தெரியட்டும், பட்டனை அழுத்தினால் மட்டும் போஸ்ட் அழைப்பு (தரவை மாற்றுவதற்கான அழைப்பு). லொகின் இருக்க வேண்டும். இரண்டு கிளிக். அதற்குக் குறைக்கக்கூடாது.

காலைத் தொகுப்பு "பொதுத் தகவல்" வகைக்கு நல்லது. அனுமதிக்கு வேண்டாம். 9.05க்கு வந்த கோரிக்கை அடுத்த நாள்வரை கிடக்கும், களஞ்சியக்காரர் போன் எடுத்துக் கேட்பார், பிறகு மென்பொருளையே யாரும் நம்பமாட்டார்கள்.

நிர்வாகத்துக்கு மணிக்கொரு தடவைக்குப் பதிலாக இதைக் கொடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடிவுநேரம் ஒன்று இருக்க வேண்டும். மீதி நேரத்தில் பாதி போனதும் ஒரு நினைவூட்டல். கால்வாசி மிஞ்சும்போது எஸ்எம்எஸ். நேரம் கடந்தால் அடுத்த பொறுப்பாளருக்குப் போகும், முதலாமவருக்கு அதைத் தெரிவிக்கும், பிறகு அவருக்கு எதுவும் போகாது. உச்சம் மூன்று. நாலாவது நினைவூட்டல் யாரையும் அசைக்காது, அந்த இடத்தில் ஆளை மாற்றுவதுதான் வழி.

நேரம் என்றால் வேலை நேரம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களைச் சந்திரக் கணக்கால் கோடில் கண்டுபிடிக்க முயலவேண்டாம். வருடாவருடம் வெளியாகும் பட்டியலை ஒரு அட்டவணையில் ஏற்றுங்கள். பொது, வங்கி, வர்த்தக விடுமுறை மூன்றும் எப்போதும் ஒன்றல்ல, ஆகவே மூன்றுக்கும் தனிக் கட்டம். களஞ்சியம் திறந்திருக்கும் நாளில் தலைமை அலுவலகம் மூடியிருந்தால் எந்த நாட்காட்டி என்ற கேள்வி வரும். அனுமதி கொடுப்பவரின் நாட்காட்டியையே எடுங்கள்.

லண்டன் கிளைக்கு, இடைவெளியை எண்ணாகச் சேமிக்காதீர்கள். இங்கே வருடம் முழுதும் +5.30. அங்கே கோடையில் ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்து, ஆளுக்கு "ஏசியா/கொழும்பு" அல்லது "யூரோப்/லண்டன்" என்ற வலயப் பெயரைச் சேமியுங்கள். அமைதி நேரம் (அறிவித்தல் போகாத நேரம்) இரவு 7 முதல் காலை 8 என்றால் அவரவர் ஊர் நேரத்தில்.

மின்னஞ்சல் தலைப்பகுதியில் சில வேலை. கோரிக்கையின் முதல் மடலுக்கு நிலையான மெசேஜ் ஐடி கொடுத்து, பின்வருபவற்றில் அதையே "இன் ரிப்ளை டு", "ரெஃபரன்சஸ்" இரண்டிலும் போட்டால் ஒரே இழையாகச் சேரும். ஜிமெயிலில் பொருள் வரியும் மாறக்கூடாது. நிலையைப் பொருள் வரியில் எழுதினால் இழை உடையும். "ஓட்டோ சப்மிட்டட்" வரியைச் சேர்த்தால், அந்த மரபைப் பின்பற்றும் சேர்வர்கள் "நான் லீவில்" என்ற தானியங்கிப் பதிலை உங்களுக்குத் திருப்பி அனுப்பாது. எஸ்பிஎஃப், டிகிம் (மடல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று உறுதிப்படுத்தும் பதிவுகள்) இரண்டும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பு.

பலனை அளக்கும்போது மின்னஞ்சல் திறந்த வீதத்தை எடுக்க வேண்டாம். 2021ல் அப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கத் தொடங்கியதிலிருந்து அந்த எண் பொய் சொல்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை போகிறது, அனுப்பியதற்கும் முடிவெடுத்ததற்கும் இடையிலான நடுமதிப்பு, மேலே ஒருவர் சொன்ன "தேவையற்றது" வரிசைகளின் விகிதம், இந்த மூன்றும் போதும்.

---

வெள்ளவத்தை_டெவ்

பட்டனை இரண்டு கிளிக்காகவே வைக்கிறேன். அவுட்பொக்ஸ், திரும்பச் சரிபார்ப்பது, டேக் மூன்றையும் கொள்வனவுப் பகுதியில் முதலில் செய்கிறோம், லீவு பிறகு. கடைசியாக ஒன்று: ஏற்கனவே மியூட் ஆன பழைய சனலின் முக்கியத்துவத்தைக் கோடில் உயர்த்தினால் திரும்பச் சத்தம் வருமா?

---

திரைமுகப்பு_அக்கா

வராது. சனல் உருவான பிறகு அதன் சத்தமும் முக்கியத்துவமும் பாவனையாளர் கையில். பழையதை அழித்து அதே ஐடியில் திரும்ப உருவாக்கினாலும் அவர் வைத்த அமைப்போடுதான் எழும்பும். புதிய ஐடியில் "என் அனுமதி தேவை" சனலை உருவாக்குங்கள், பழையதை நீக்குங்கள்.

முழு ஆப்பையும் மியூட் பண்ணியவர்களுக்கு இது உதவாது. ஆப் திறக்கும்போது அறிவித்தல் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிலுவைப் பட்டியலுக்கு மேலே ஒரு வரி காட்டி, அமைப்புத் திரைக்கு நேரே கொண்டுபோகும் பட்டன் வையுங்கள். அன்ட்ராய்ட் 13 முதல், அறிவித்தலுக்கு அனுமதி கேட்கும் பெட்டியை ஒருவர் இரண்டு தடவை மறுத்தால் அது திரும்ப வராது. ஆகவே நிறுவியதும் கேட்காமல், அவர் பெயருக்கு முதல் கோரிக்கை வந்து அதைத் திறக்கும் நேரத்தில் கேளுங்கள். சேர்வருக்கும் அந்த நிலையை அனுப்புங்கள். போனில் அறிவித்தலை மூடியிருப்பவருக்கு 15 நிமிடம் காத்திராமல் மின்னஞ்சல் நேரே போகட்டும்.